நல்லம்மாவின் வேலி

மனைவி நல்லம்மா செத்த அன்றைக்கு வீரசிங்கத்துக்குக் கண்ணீரும் வரவில்லை, யோசனையும் வரவில்லை. ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டு வரிசைக்கும் தன் கோழிக்கொட்டிலுக்கும் நடுவே அவள் வளர்த்திருந்த கிளிசரிடியா வேலியை அடியோடு வெட்டிச் சாவுப்பந்தலுக்குக் கால் நட்டுவிட்டார். மரத்துப்போன மனுசன் கையில் கத்தியைக் கொடுக்கக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கருமாதி முடிந்தும் பந்தலை அவர் பிரிக்கவில்லை. கொட்டில் நாற்றம் லயத்துக்குள் வந்து குடியேறியது. அதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

“அண்ணே, கொட்டில மூடச் சொல்லி லயமே கெளம்பிருச்சு. அப்புறம் சோத்துக்கு என்ன செய்வீங்க?” என்றாள் பக்கத்து வீட்டு நிரஞ்சலா. “கோழி எச்சத்து அமோனியாவ எலை உறிஞ்சி ஒரமாக்கிக்கும்னு அக்கா சொல்லும்ல? அதான் வேலி அப்புடிக் கரும்பச்சையா நின்னுச்சு.”

“எலைக்கு ஏதுடி மூக்குன்னு அவளக் கேலி பண்ணுவேன்.”

“இப்ப ஒங்களுக்கு மட்டும் இருக்கா? வாங்க, பந்தலப் பிரிப்போம்.”

பிடுங்கப் போனால், பந்தக்கால்கள் கணுவுக்குக் கணு துளிர்விட்டு நின்றன. இருவருமாய் அவற்றைக் கொட்டிலோரம் வரிசையாக நட்டார்கள். கடைசிக் காலைச் சுற்றி மண்ணை மிதிக்கும்போது வீரசிங்கத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“அமோனியா,” என்றார்.

“ஆமாங்கண்ணே,” என்றாள் நிரஞ்சலா. “துளிரு எலையாகுற வரைக்கும் அப்புடித்தான் இருக்கும்.”