பதினேழாவது விளக்கு

அந்த அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஆள் பார்த்து நடிக்கத் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். ஊர்ப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிற அலுவலகம் அது. பதினோரு மேஜை, பதினோரு கம்ப்யூட்டர். ஏழு வாரமாக, வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பதினொன்றும் ஒரே நேரத்தில் உறைந்துபோய்விடும். அணைத்துப் போட்டாலும் கொஞ்சம் முக்கிவிட்டு மறுபடி உறையும். மெக்கானிக் வருவார். மேலாளர் அவரைக் கூட்ட அறைக்குள் அழைத்துப் போய், தன் மடிக்கணினியைத் திறந்து வைத்து நடந்ததையெல்லாம் விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் வெளியே பதினொன்றும் சமர்த்தாக வேலை செய்துகொண்டிருக்கும்.

"நம்ம ஆளு மீட்டிங் போட்டாலே அதுங்களுக்குப் பயம்" என்பார் வரைபடம் போடுகிறவர்.

முதலில் வந்த மெக்கானிக் நாலு கம்ப்யூட்டருக்கு உள்ளுறுப்பு மாற்றினார். இரண்டாவது வந்தவர் பதினொன்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றினார். இரண்டு பேர் போன பிறகும் நோய் போகவில்லை.

இதில் அதிகமாக அடிபட்டவள் நிமிஷம். எதைக் கேட்டாலும் நிமிஷக் கணக்கில் பதில் சொல்வதால் அலுவலகம் வைத்த பெயர். நாளடைவில் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஒன்பது மாதம் நிறுத்தம் நிறுத்தமாக நின்று, யார் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறித்து, அவள் ஒரு புதிய அட்டவணை போட்டிருந்தாள். அதில் அவள் உயிரை வைத்திருந்தது ஆறாம் எண் பேருந்தில். ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு வேலை முடியும். பேருந்து ஒன்று ஐம்பத்தாறுக்கே கிளம்பிவிடும். உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவருகிற பெண்கள், பேருந்தின் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நாற்பது நிமிஷம் நிற்பார்கள். அந்த ஒரு பேருந்தைப் பன்னிரண்டு நிமிஷம் தள்ள, அவள் மற்ற நாற்பத்தோரு பேருந்துகளை நகர்த்த வேண்டியிருந்தது.

புதன்கிழமை மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"உன் ஃபைல் யானை மாதிரி இருக்கும்மா. நீ அதை ஏத்த ஆரம்பிச்ச வாரத்துலேர்ந்துதான் இந்தக் கூத்து. வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்கு அச்சுக்கு அனுப்பணும். அதுக்குள்ள இன்னொரு தடவை நின்னுச்சுன்னா, பழைய அட்டவணையே போகட்டும்."

"சார், ஒரு நாள் குடுங்க. எங்க அண்ணி வந்து பார்ப்பாங்க. அவங்களுக்கு நெட்வொர்க் வேலைதான்."

"குடும்ப டாக்டரா?" என்றார் மேலாளர். ஆனால் சரி என்றார்.

வியாழக்கிழமை காலை அண்ணி வந்தாள். தோளில் ஒரு கான்வாஸ் பை, காலில் ஏணி ஏறித் தேய்ந்த செருப்பு. மேலாளர் வழக்கம்போலக் கூட்ட அறையைக் காட்டினார்.

"விளக்கமெல்லாம் அப்புறம் சார். எனக்கு ஒரு நாற்காலி போதும்."

நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். எந்தக் கம்ப்யூட்டரையும் தொடவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். "எப்பெல்லாம் நின்னுச்சோ, அதுக்கு முன்னாடி அரை மணி நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க? கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல. டீ குடிச்சது, சண்டை போட்டது, எல்லாமே எழுதுங்க."

"தூங்கினதையும் எழுதணுமா?" என்றார் வரைபடக்காரர்.

"அதைத்தான் முதல்ல எழுதணும். எழுப்பினது யாருன்னும் எழுதுங்க."

கூடம் சிரித்தது. நிமிஷத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் என்றால் எதையாவது கழற்ற வேண்டாமா?

தாள்களை வாங்கிக்கொண்டு அண்ணி நடைவழி அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு தட்டையான பெட்டி. இருபத்துநாலு துளை, துளைக்கொரு வயர், வயருக்கொரு பச்சை விளக்கு. கட்டடத்திலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது அந்தப் பெட்டி வழியாகத்தான். அண்ணி தரையில் சம்மணமிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரயில் ஜன்னலில் உட்கார்ந்து வெளியே பார்க்கிற மாதிரி. நிமிஷமும் பக்கத்தில் குந்தினாள். விளக்குகள் ஒன்று வேகமாக, ஒன்று சோம்பலாக, ஒன்று எப்போதோ ஒருமுறை என்று சிமிட்டிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து பார்த்தால் சாயங்கால ஊர் இப்படித்தான் தெரியும் என்று நினைத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அவசரம்.

"என்ன அண்ணி பார்க்கிறீங்க?"

"நல்லா இருக்கறப்போ இது எப்படி இருக்குன்னு. அது தெரியாம, கெட்டுப்போனா எனக்கு எப்படித் தெரியும்? போ, வேலையைப் பாரு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணு."

அண்ணன் கல்யாணம் ஆகி ஆறு வருஷத்தில், அண்ணியை அவள் சமையலறையிலும் சண்டையிலும் பார்த்திருக்கிறாள். வேலையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் உட்காராத மனுஷி இங்கே கல்லு மாதிரி இருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுநர்களின் பிரதிநிதிகளோடு கூட்டம். மேலாளர் மடிக்கணினியில் படம் காட்டினார். மூன்று மணிக்கு எல்லாரும் கலைந்தார்கள். கூட்ட அறைக் கதவில் மேலாளர் கைப்பட எழுதி ஒட்டியிருந்தார்: 'கடைசியாகப் போகிறவர் அறையை ஒழுங்கு செய்யவும். எதுவும் தொங்கக் கூடாது.' கடைசியாகப் போகிறவள் எப்போதும் நிமிஷம்தான். நாற்காலிகளை உள்ளே தள்ளி, பலகையைத் துடைத்து, மேஜை மேல் கிடந்ததையெல்லாம் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் பத்துத் தொண்டையிலிருந்து ஒரே முனகல்.

"போச்சுடா!"

அவள் ஓடினாள். திரையில் ஆறாம் எண் பாதியில் உறைந்து நின்றது. ஐந்து நிமிஷத்துக்கு முந்தைய சேவ் பத்திரமாக இருக்கும். ஆனால் அதனால் என்ன பயன்? மேலாளர் ஏற்கெனவே அவள் மேஜைக்கருகே நின்றிருந்தார்.

"உன் ஃபைல் திறந்திருக்கு பாரு. நான் சொன்னது சொன்னதுதாம்மா. பழசே போகட்டும்."

அப்போது அண்ணி நடைவழியிலிருந்து கூப்பிட்டாள். "நிமிஷம், இங்க வா. சார், ஒரு பத்து நிமிஷம் இவளைக் கடன் குடுங்க."

அலமாரிக்குள் ஊர் காணாமல் போயிருந்தது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில், பைத்தியம் பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா? ஒருத்தன் கத்தினதையே எல்லாரும் திருப்பித் திருப்பிக் கத்தறாங்க. யார் பேசறதும் யார் காதுலயும் விழலை. உன் ஃபைல் பாவம், பதில் வரும்னு காத்திருந்தே மயங்கிப்போச்சு."

ஒரு வயரைப் பிடுங்கினாள். மாற்றமில்லை. திரும்பச் செருகினாள். அடுத்தது, அதற்கடுத்தது. அவசரமே இல்லை, காய் நறுக்குகிற கை மாதிரி ஒரே சீராகப் போனது. பதினேழாவதைப் பிடுங்கியதும் சட்டென்று எல்லாம் அடங்கியது. ஒன்று வேகமாக, ஒன்று சோம்பலாக, ஊர் திரும்பி வந்துவிட்டது. கூடத்தில் யாரோ "வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். அண்ணி பதினேழைத் திரும்பச் செருகினாள். மறுபடி பேயாட்டம். பிடுங்கினாள். அமைதி.

நிமிஷம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வாரம், இரண்டு மெக்கானிக், எத்தனை கூட்டம்! கடைசியில் இரண்டு விரல்.

"வா, பதினேழு எங்க போகுதுன்னு பார்ப்போம்."

வயர் சுவரோடு போய்க் கூட்ட அறைக்குள் நுழைந்தது. அங்கே சுவரில் அடுத்தடுத்து இரண்டு துளை, பதினேழு, பதினெட்டு. இரண்டையும் சேர்த்து ஒரே வயர், காது வளையம் மாதிரி. நடுவில் அழகாக மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

நிமிஷம் குனிந்து பார்த்தாள். அந்த ரப்பர் பேண்டு அவளுடையது.

மேலாளரின் மடிக்கணினிக்காக ஏழு வாரம் முன்னால் வாங்கிய வயர் அது. ஒரு முனை சுவரில் இருக்கும், மறுமுனை மேஜையில் அநாதையாகக் கிடக்கும். தொங்கக் கூடாதே என்று அவள்தான் அதைப் பக்கத்துத் துளையில் செருகி வைப்பாள். பெட்டியிலிருந்து பதினேழில் வந்த பேச்சு பதினெட்டு வழியாகப் பெட்டிக்கே திரும்பிப்போய்ச் சுற்றோ சுற்றென்று சுற்றியது. அடுத்து மேலாளர் கூட்டம் போட்டு அதை உருவித் தன் மடிக்கணினியில் செருகியதும் எல்லாம் சரியாகிவிடும். அந்த மாதிரி அவசரக் கூட்டம் முடிந்தால் ஆளாளுக்கு மேஜைக்கு ஓடுவார்கள், அறையை யாரும் கவனிப்பதில்லை. அவள் மறுபடி ஒழுங்கு செய்கிற வரைக்கும் நிம்மதி.

"அண்ணி... நான்தான்."

"தெரியும். இந்த மடிப்பு நம்ம வீட்டு இஸ்திரி வயர்லகூட இருக்கு."

"ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

"என் ரிப்போர்ட்ல வயர் மட்டும்தான் இருக்கும், ஆள் இருக்காது. ஆளைப் பத்தி ஆள்தான் சொல்லணும்." அண்ணி பையிலிருந்து தாள்களை எடுத்தாள். "ஆனா ஒண்ணு. உன் ஃபைலுக்காக நான் சாட்சி சொல்லுவேன்."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. வயரை எடுத்துவிட்டால் முடிந்தது. சொன்னால், ஏழு வாரம் பதினோரு பேரின் உழைப்பைக் கெடுத்தவளின் அட்டவணையை எந்த மேலாளர் அச்சுக்கு அனுப்புவார்? மேலாளர் அறைக்கு நடந்த இருபது அடியில் ஆறாம் எண் பேருந்து ஒன்று ஐம்பத்தாறுக்கே கிளம்பிப் போவது அவள் கண் முன்னால் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் நடந்தவள், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூட ஊகமாகச் சொல்லாதவள். அவள் முன்னால் பாதி உண்மையோடு நிற்க நிமிஷத்துக்குக் கூசியது.

"சார், வயரைச் செருகினது நான்தான். எல்லாத் தடவையும்."

"எல்லாத் தடவையும் இல்ல" என்றாள் அண்ணி. ஒரு தாளைத் தட்டினாள். "போன மாசம் பதினாலாம் தேதி, காலைல பதினோரு மணிக்கும் நின்னிருக்கு. அன்னிக்கு இவ லீவு. இவ அண்ணனுக்குக் கால்ல அடி, ஆஸ்பத்திரியில என் கூட இருந்தா. இவ ஃபைலை இவளைத் தவிர யாரும் திறக்க முடியாது. அப்ப ஃபைல் மேல தப்பில்லை சார். அன்னிக்கு அறையை யாரு ஒழுங்கு பண்ணாங்கன்னு மட்டும் ஒருத்தரும் எழுதலை."

மேலாளர் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியே கூட்ட அறைக் கதவில் தெரிந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். எதுவும் தொங்கக் கூடாது. அவர் காது நுனி மெல்லச் சிவந்தது.

"இவ லீவு போட்டா" என்றார் குரலை இறக்கி, "வேற யாரு பண்ணுவாங்க? நான்தான்."

வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த வரைபடக்காரர் இருமலில் சிரிப்பை ஒளித்தார்.

"அந்தப் பெட்டி பழசு சார்" என்றாள் அண்ணி, ஒன்றுமே கேட்காதவள் போல. "இப்ப வர்றதுல இப்படிச் சுத்திச் செருகினா அதுவே அந்தத் துளையை மூடிக்கும். ஒழுங்கா இருக்கறது தப்பில்லையே." வயரை உருவிச் சுருட்டி, அதே ரப்பர் பேண்டைப் போட்டு, பதினெட்டாம் துளையில் ஒரு மூடியை அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பத்தெட்டுக்குப் புதிய அட்டவணை அச்சுக்குப் போனது. மேலாளரே பொத்தானை அழுத்தினார்.

அடுத்த மாதம் முதல் தேதி, இரண்டு மணிக்கு நிமிஷம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றாள். ஆறாம் எண் ஏற்கெனவே வந்து, கதவைத் திறந்து வைத்து நின்றிருந்தது. வாசலிலிருந்து பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ஒருத்தி நடந்தபடியே கூந்தலை அவிழ்த்துத் திரும்ப முடிந்துகொண்டாள். இன்னொருத்தி செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றாள்.

அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, யாருமே ஓடலை."

"அப்ப சரி. ஏணி மேல நிக்கறேன், வச்சிடு."