கந்தகப் புகையும் புழு ஷெட்டும்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாய்ந்து உட்காருங்கள். ஒரு மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இரண்டு பெண்கள் போட்ட சண்டையைச் சொல்லப் போகிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டுப் போனால் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் ஓர் ஊர். அங்கே ஓர் அரசுப் பள்ளி. அதன் மதிலை ஒட்டினாற்போல் தீர்த்தம்மாளின் பட்டுப்புழு ஷெட்டு. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் தீர்த்தம்மாளின் கூட்டைக் கையில் எடுத்தவர்கள் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக் கூடு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் உயிரைக் கொடுத்துப் புழு வளர்த்தாள். தலையில் பூ வைத்தவர்களையும், முகத்துக்குப் பவுடர் போட்டவர்களையும் ஷெட்டுக்குள் விடமாட்டாள். புருஷன் கிருஷ்ணப்பன் பீடி குடித்துவிட்டு வந்தால், குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். புழுவுக்கு வாசனை ஆகாது. அது அவள் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. செத்த புழுக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் கலைமதி டீச்சர். கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், வேதியியல் எடுப்பவர். புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. எந்த வினையாக இருந்தாலும் பிள்ளைகள் கையால் செய்ய வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும், மூக்கால் முகர வேண்டும். பள்ளியின் லேபுக்கு இருந்தது ஒரே ஜன்னல். அது தீர்த்தம்மாளின் ஷெட்டைப் பார்த்து இருந்தது.

டீச்சர் வந்த மாசமே அழுகிய முட்டை நாற்றம் ஒன்று ஜன்னல் வழியாக வந்தது. தீர்த்தம்மாள் கல்மேல் ஏறி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏனுங்க டீச்சர், பாடம் நடத்தறீங்களா, பொணம் எரிக்கறீங்களா?"

"பாடந்தாங்க. உங்க பொண்ணும் இங்கதான் படிக்குது. வேணும்னா நீங்களும் வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சுசித்ராவும் சிரித்தாள். சுசித்ரா தீர்த்தம்மாளின் மகள், பத்தாம் வகுப்பு. அந்தச் சிரிப்பைத்தான் தீர்த்தம்மாளால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் டீச்சரின் ஸ்கூட்டர் சீட்டில் யாரோ சுண்ணாம்பை அப்பியிருந்தார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். டீச்சர் அதைத் துடைக்கவில்லை. பத்தாம் வகுப்பை வெளியே கூப்பிட்டு ஸ்கூட்டரைச் சுற்றி நிற்கவைத்து, இது என்ன சேர்மம், இதற்கு முன்னால் எப்படி இருந்தது, தண்ணீர் பட்டபோது என்ன ஆனது என்று பாடம் எடுத்துவிட்டார். அடுத்த வகுப்பில் சுட்ட சுண்ணாம்புக் கல்லை டம்ளரில் போட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். அடுப்பே இல்லாமல் டம்ளர் கொதித்தது. ஒவ்வொரு பிள்ளையும் டம்ளரின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. சுசித்ரா வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, அந்த டீச்சர் பேச்சை இந்த வூட்டில் எடுக்காதே என்று தீர்த்தம்மாள் அடக்கிவிட்டாள்.

இப்படியே இருவரும் முறைத்துக்கொண்டிருந்த சமயத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஷெட்டில் புழு கடைசி ஜுரத்துக்கு உட்கார்ந்திருந்தது. தோல் உரிப்பதற்காகப் புழு தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி அசையாமல் இருக்குமே, அதைத்தான் இந்தப் பக்கம் ஜுரம் என்பார்கள். அந்த நேரத்தில் படுக்கை ஈரமாக இருக்கக் கூடாது. மழையில் புழு தின்கிற மல்பெரித் தழையெல்லாம் நனைந்துகிடந்தது. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து மேலே தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எல்லோரும் செய்வதுதான். புழுத் தட்டு அடுக்குகளில் மதிலோரத்து அடுக்குக்குத் தூவியதுமே பழைய சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. குடத்தில் இருந்த கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் புதுக் கல்லை நீற்றினாள் தீர்த்தம்மாள். பாதி பொடியாயிற்று, பாதி நீறாமல் கட்டியாகவே நின்றது. கட்டியை எடுத்து எறிந்திருக்க வேண்டும். புழுவோ காத்திருக்காது. அவள் அந்தக் கட்டிகளை அம்மியில் வைத்து நுணுக்கிச் சலித்து, மிச்ச அடுக்குகளுக்கெல்லாம் தூவினாள்.

அதே நாள் மத்தியானம் கலைமதி டீச்சர் கந்தகம் கொளுத்தினார். சிவப்புச் செம்பருத்தியைப் புகையில் பிடித்தால் வெளுத்துப்போகும், அதைக் காட்டத்தான். பூவைக் கொண்டுபோனது சுசித்ரா. வீட்டுச் செடியில் பறித்தது. புகை ஜன்னல் வழியாக வந்தது, தீர்த்தம்மாளுக்குத் தொண்டை கமறியது.

விடிந்ததும் ஷெட்டைத் திறந்தாள். புழுக்கள் உட்கார்ந்த இடத்திலேயே பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தன. அடுக்கு அடுக்காகப் பார்த்துக்கொண்டே போனாள். மதிலோரத்து அடுக்கில் மட்டும் உயிர் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஆகப் பக்கத்தில் இருந்த அடுக்கு அது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி வெளியே வந்து, தெரு அதிரக் கத்த ஆரம்பித்தாள்.

கோபம் கையில் இருக்கும்போது வேறு ஒன்றையும் பிடிக்க முடியாது, கண்ணுங்களா. அவளுக்கு அப்போது அந்தக் கோபம் தேவைப்பட்டது. அதை விட்டால் வேறு யாரைத் திட்டுவாள்?

கிருஷ்ணப்பனும் பங்காளிகளும் பள்ளி கேட்டில் போய் நின்றார்கள். தலைமையாசிரியர் குப்புராஜ் சத்தம் கேட்டாலே வியர்க்கிற மனிதர். லேபைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். டீச்சர் இனி கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தினால் போதும், பெற்றோர் கூட்டத்தில் லேப் வேண்டாம் என்று முடிவானால் பூட்டு பூட்டியபடியே இருக்கட்டும் என்றார். கலைமதி டீச்சர் வகுப்பில் போய் உட்கார்ந்து, பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் சாக்பீஸையே தொடவில்லை.

கூட்டத்தன்று பள்ளித் திடலில் ஊரே நின்றது. தீர்த்தம்மாள் செத்த புழுவை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து தலைமையாசிரியர் மேஜைமேல் கவிழ்த்தாள். இதுதான் உங்கள் டீச்சர் நடத்திய பாடம் என்றாள். கலைமதி டீச்சர் அந்தக் குவியலைக் குனிந்து பார்த்தார். எந்த அடுக்கு முதலில் செத்தது, மதிலோரம்தானே என்று கேட்டார். எல்லாம் ஒண்ணாகத்தான் செத்தது என்றாள் தீர்த்தம்மாள். பிள்ளைகளோடு நின்றிருந்த சுசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அதைக் கவனித்தாள்.

டீச்சருக்கும் ரத்தம் சூடேறிவிட்டது. உயிரோடு இருக்கிற புழுவைக் கொண்டு வாருங்கள், அதே ஜன்னலில் அதே கந்தகத்தைக் கொளுத்துகிறேன், ஒரு புழு செத்தாலும் நானே சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறேன் என்றார். தீர்த்தம்மாள் சளைத்தவளா? மதிலோரத்து அடுக்கிலிருந்தே ஒரு தட்டை எடுத்துவந்து மதில்மேல் வைத்தாள். அப்படி வைத்ததிலேயே தன் பொய்யைத் தானே எடுத்து ஊர்முன் வைத்துவிட்டாள். ஆத்திரத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ ஒருவர், எல்லாம் செத்துச்சுன்னாங்களே என்று முனகினார்.

குப்புராஜ் சாவியைக் கொடுத்தார். கந்தகம் எரிந்தது. நீலச் சுடரும் மூக்கை அறுக்கும் புகையும். கூட்டம் முந்தானையையும் துண்டையும் எடுத்து மூக்கைப் பொத்தியது. தோல் உரித்துப் பசியோடு இருந்த புழுக்கள் தட்டில் மழை பெய்கிற சத்தத்தோடு தழையைத் தின்றுகொண்டே இருந்தன. எல்லோரும் வெகுநேரம் பார்த்தார்கள். ஒன்றும் சாகவில்லை.

"அன்னிக்கி காத்து வேற பக்கம்," என்றாள் தீர்த்தம்மாள்.

"சரி, காத்து வேற பக்கம். புழு மேல என்ன போட்டீங்க?"

"சுண்ணாம்பு. ஊரு ஒலகம் போடறதுதான்."

"அதக் கொண்டாரச் சொல்லுங்க."

சுசித்ராதான் ஓடினாள். அன்றைக்குத் தூவியதில் மிச்சத்தை வாய் கட்டிவைத்திருந்த பிளாஸ்டிக் சாக்கிலிருந்து டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தாள். டீச்சர் அதைத் தொடவில்லை. தொட்டால் நான் ஏதோ கலந்தேன் என்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, நீறிய சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் சுடாது, நீறாததுதான் சுடும், உனக்குத்தான் செய்யத் தெரியுமே, செய் என்று அந்தப் பெண்ணையே ஏவினார். அதுவும் ஒரு குரூரம்தான், கண்ணுங்களா. பெற்றவள் முன்னால் பெண்ணை நிறுத்துவது.

சுசித்ரா எவர்சில்வர் டம்ளரில் பொடியைப் போட்டுத் தண்ணீர் விட்டாள். டம்ளருக்குள் சொய்ங் என்று ஒரு சத்தம். அவள் விரல்கள் டம்ளரைச் சுற்றி மூடின, உடனே விரிந்தன, மறுபடி மூடின. அவளுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரை விடாமல் அம்மாவைப் பார்த்தாள்.

தீர்த்தம்மாள் போய் மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

சுட்டது. முதலில் கொஞ்சம், பிறகு நன்றாக. அவளுக்கு அம்மி நினைவுக்கு வந்தது. நுணுக்கிய கட்டிகள் நினைவுக்கு வந்தன. அசைய முடியாமல் ஜுரத்தில் உட்கார்ந்திருந்த புழுக்கள், மேலே வெள்ளையாகத் தூவிய தன் கை, கீழே ஈரத் தழை. ஒரு புழுவாவது நகர்ந்து ஓடியிருக்க முடியுமா? கூட்டத்தில் யாரோ, என்னங்க சுடுதா, ஜில்லுனு இருக்குதா என்று கேட்டார்கள். டம்ளர் இருப்பது அவள் கையில் மட்டும். ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லித் தரையில் ஊற்றிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? லேப் பூட்டியே கிடக்கும், புழுவைக் கொன்றவர் டீச்சராகவே இருப்பார், மார்க்கெட்டில் அவள் பெயர் பெயராகவே இருக்கும். எதிரே சுசித்ரா நின்றிருந்தாள். அன்றைக்குச் சிரித்த அந்த முகத்தில் இன்றைக்குச் சிரிப்பு இல்லை. அம்மா என்ன சொல்கிறாளோ அதையே தானும் சொல்லிவிடுவது என்று அந்தப் பெண் முடிவு செய்துவிட்டது அவள் கண்ணிலேயே தெரிந்தது. அதைத்தான் தீர்த்தம்மாளால் தாங்க முடியவில்லை.

உள்ளங்கை சிவந்தபிறகு டம்ளரைக் கிருஷ்ணப்பனிடம் நீட்டினாள்.

"கொதிக்குது. நீயும் புடிச்சுப் பாரு. நாந்தான் கொன்னேன்."

தீர்த்தம்மாள் அழவில்லை. செத்த புழுவை மேஜையிலிருந்து கையாலேயே வழித்து முறத்தில் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது டீச்சர் எதிரே ஒரு நொடி நின்றாள்.

"பூட்டத் தொறந்துக்கோங்க. ஆனா அந்த நாத்தத்த எங்க வூட்டுப் பக்கம் வுட்டீங்கன்னா, மறுபடியும் வருவேன்."

"வாங்க. வரும்போது என் சீட்ட தொடைக்க ஒரு துணியும் கொண்டாங்க."

அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. இன்றைக்கும் எதிரெதிரே வந்தால் ஒருவர் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார். ஆனால் லேப் ஜன்னல் கம்பியில் இப்போது ஒரு கிழிந்த துணி கட்டியிருக்கிறது. அது காற்றில் வயல் பக்கம் ஆடினால் மட்டுமே டீச்சர் கந்தகத்தைக் கையில் எடுக்கிறார். இந்தப் பக்கம் தீர்த்தம்மாள் சுண்ணாம்பு தூவுவதற்கு முன்னால் ஒரு பிடியை டம்ளரில் போட்டுத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஜில்லென்று இருந்தால்தான் ஷெட்டுக்குள் கால் வைக்கிறாள். சுசித்ரா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தழை நறுக்குகிறாள்.

போய் வாங்க கண்ணுங்களா. உங்கள் வூட்டில் விதைத்தது முளைக்கட்டும், வளர்த்தது கூடு கட்டட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களுக்காக ஒருநாளும் பொய் சொல்ல நேராதிருக்கட்டும். உங்கள் வாசலுக்குச் சண்டைக்கு வருகிறவர்களும் கை சுட்டால் சுட்டது என்று சொல்லுகிறவர்களாகவே வரட்டும். நல்லா இருங்க.