படையலுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

மலாயாவில் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி தனபாலனிடம் பழைய ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் குப்பையில் போட்டுவிட்டுப் போனது. கரையான் மிச்சம் வைத்ததையெல்லாம் மனப்பாடம் செய்தார். அப்படிக் கிடைத்ததுதான் 'ஆப்லி'. தேவாலயத்தில் படைக்கும் பண்டத்தை ஆங்கிலேயர் பல நூறு வருடங்களுக்கு முன் அப்படிச் சொன்னார்களாம். வெள்ளைக்காரனே மறந்துபோன சொல். அதை எடுத்துவிட ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இடம் கொடுத்தது.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாதென்பது சட்டம். பால்மரம் வெட்டும் வீராசாமிக்குக் காட்டோர மர வரிசை ஒன்றைப் புது நிரையாகக் கொடுத்திருந்தார்கள். முனியாண்டிக்குப் படைக்காமல் புது நிரையில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். ஒரு கைச் சோறு, கருவாடு, சுருட்டு. இலையும் கையுமாகப் போலீஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள்.

ஆபீஸ் வாசலில் இளம் வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். எதிரே விலங்கோடு வீராசாமி. அவன் மனைவி இருசம்மாள், மொழிபெயர்க்க நின்ற கிராணியின் காலைப் பிடித்தாள்.

"சாமிக்கு வச்ச சோறுன்னு மட்டும் சொல்லுங்கய்யா. போதும்லா."

"சும்மா இரு. எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

தனபாலன் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில், "அது வெறும் ஆப்லி, சார்" என்றார்.

அதிகாரியின் காது சிவந்தது. தன் தாய்மொழிச் சொல்லுக்குத் தோட்டத்துக் கிராணியிடம் பொருள் கேட்பதா? அதுவும் போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று தலையாட்டிவிட்டு லாரியைக் காட்டினார்.

"ஐயா, ஏத்துறாங்களே! சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்மா. துரை ஒத்துக்கிட்டாரே, நீயே பார்த்தியே!"

"அப்புறம் ஏன் கொண்டுபோறாங்க?"

"அது சட்டம். அது வேற."

லாரியிலிருந்து வீராசாமி கத்தினான்: "புள்ள, கத்தி மரத்தடியில கெடக்கு. மழை வந்தா துருப்பிடிச்சிரும்!"

சில மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்து, செலண்டாரில் பிறந்தவனை அவன் கண்ணால் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கிராணிமார் கிளப்பில் தனபாலன், "அந்த ஒரு சொல்லுல வெள்ளைக்காரன் அசந்துட்டான்லா!" என்றார். கைதட்டினார்கள்.

பால்மரம் வெட்ட ஆளில்லாததால், வீராசாமிக்குத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திரும்ப எடுக்க உத்தரவு வந்தது. சொல்ல தனபாலனே போனார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிரும்மா."

ஒருமுறை சொன்னதுமே இருசம்மாளுக்குப் புரிந்தது.