அக்கா என்னும் உதாரணம்

மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் அக்கா என்னிடம் பேச உட்கார்ந்தாள். அவள் மடியில் என் அலுவலக அட்டைகள்.

நான் கலைச்சொல் அகராதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு சொல்லுக்கு எத்தனை துறையில் எத்தனை அர்த்தமோ அத்தனை அட்டை. ஒவ்வொன்றிலும் ஓர் உதாரண வாக்கியம் கட்டாயம். "புத்தகத்துலேர்ந்து எடுக்காதீங்க, வீட்ல பேசுறத எழுதுங்க" என்று ஆசிரியர் உயிரை வாங்குவார். இந்த வாரம் எனக்கு வாய்த்தது 'அகாமடேஷன்'. லாட்ஜ்காரருக்கு அது தங்குமிடம். கண் டாக்டருக்கு, கிட்டத்தையும் தூரத்தையும் பார்க்க விழி தன்னை மாற்றிக்கொள்வது. அலுவலகத்தில், உடம்புக்கு முடியாதவருக்குச் செய்துதரும் வசதி. தகராறில், விட்டுக்கொடுத்து ஒத்துப்போவது. மொழியியலாளருக்கோ, எதிரில் இருப்பவருக்குத் தக்கபடி நம் பேச்சை மாற்றிக்கொள்வது. ஒரே சொல் இத்தனை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே எழுதினேன். எழுதியதை அப்படியே சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன், புத்திகெட்டவள்.

அக்கா தையல்காரி. அத்தான் இறந்த பிறகு இரண்டு மாதம் இருக்கலாம் என்று வந்தாள். பதினான்கு மாதமாக எங்கள் கூடத்தில், ஒரு திரைக்குப் பின்னால் அவள் கட்டில்.

அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். "'அக்காவுக்கு ஒரு தங்குமிடம் பார்க்க வேண்டும்.' 'அக்காவின் முழங்காலுக்காகக் குளியலறையில் கம்பி பதித்தோம்.' 'அக்கா இருந்தால் என் கணவர் குரலைத் தாழ்த்திப் பேசுவார்.'" நிறுத்தினாள். "ஏண்டி, உலகத்துல வேற உதாரணமே கெடைக்கலியா உனக்கு?"

"சும்மா எழுதினதுதான்க்கா. வாயில வந்தத..."

"அதான் சொல்றேன். வாயில வந்தது நான்தானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் வேலை செய்யும் கடைக்கு மேலே ஓர் அறை காலியாம், மூன்றாவது மாடி. நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்களாம்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லு. மூட்டைய அவுத்துப் போட்டுட்டு இங்கயே இருக்கேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. இத்தனை மாதமாகப் படுக்கையறை மூலையில் மேசையைப் போட்டு வேலை பார்க்கும் என் கணவர், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் என்னைத் தின்றது. மனசெல்லாம் இரு, இரு என்றது. அதன் ஓரத்தில் மட்டும் திரையில்லாத கூடம் ஒன்று காற்றோட்டமாகத் தெரிந்தது. தெரிந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

"மூணு மாடி, இந்த முழங்காலோட எப்படிக்கா ஏறுவ?" என்றேன்.

அக்கா அட்டைகளை அடுக்கி மேசையில் வைத்தாள். "ஏறிக்கலாம்" என்றாள்.

பிறகு என் கணவரின் சட்டையை எடுத்தாள். அதில் ஒரு பொத்தான் தைக்க வேண்டியிருந்தது. ஊசியை எட்டப் பிடித்து நூலை நுழைத்துப் பார்த்தாள். மூன்று முறை தவறியது. நான் வாங்கிக் கோத்து நீட்டினேன். அதை வாங்க அவள் கை நீளவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.