பிங்கோவுக்கு முன்னால் ஒரு கவிதை

நான் சொல்வதில் பாதி பிசகாக இருக்கலாம். அன்று மழை பெய்ததாக எனக்கு நினைவு. அன்று எடுத்த ஆவணப்படத்தில் பார்த்தால் ஜன்னலில் வெயில் அடிக்கிறது. வியாழக்கிழமை என்பதில் மட்டும் சந்தேகமில்லை. வியாழன் மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் வானொலியில் பிங்கோ. நான் எண்களை வாசிக்க, ஊரே வீட்டிலிருந்தபடி அட்டையில் அந்த எண்களை அடித்துப் பரிசுக்கு விளையாடும். அந்த நேரத்தில் தெருவில் நாய்கள் மட்டுமே இருக்கும்.

என் பெரியம்மா மகள் பிலோமேன் கவிஞர். கனடாவில் எங்கள் பழங்குடி பேசும் இன்னு மொழியில், எங்கள் ஆற்றைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறாள். மாண்ட்ரீல் நகரத்தில் அவள் வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த ஊரில் அவள் ஒரு வரிகூட வாசித்ததில்லை. அவளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த ஓதில் என்ற பெண், ஊர்க்காரர்கள் முன்னால் அவள் வாசிப்பதைப் படம்பிடிக்க ஆசைப்பட்டாள். நாள் குறித்தது பிலோமேன்.

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது சமூகக் கூடத்தில் எட்டிப் பார்த்தேன். அறுபது நாற்காலிகள். மூன்று பேர். அதில் ஒருவர் காபிப் பாத்திரத்தை எடுத்துப்போக வந்தவர்.

"இன்னைக்குப் பிங்கோன்னு தெரியாதாக்கா?" என்று மேடையோரம் நின்ற பிலோமேனைக் கேட்டேன்.

"தெரியும்டா."

கையிலிருந்த தாள்களைச் சுருட்டினாள்.

"பட்டணத்துக்காரங்களுக்கு என்ன தெரியும், கைதட்டிட்டாங்க. இங்க இருக்கிறவங்க, 'இது நம்ம ஆறே இல்ல'ன்னு சொல்லிட்டா? அதுக்கு யாரும் வராததே மேல்" என்றாள்.

கையைப் பிடித்து, கூடத்தின் பின்னாலிருந்த வானொலி அறைக்கு இழுத்துப்போனேன். ஓதில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எல்லாரும் அட்டையை விரிச்சாச்சா? முதல்ல பிலோமேன் கவிதை. அப்புறம்தான் நம்பர்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

அவள் என்னைக் கிள்ளினாள். பிறகு வாசித்தாள். அவள் அப்பா ஆற்றில் மேலேறிப் போன வழி. படகைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து கடந்த ஒவ்வோர் அருவியும், பெயரோடு.

முடிந்ததும் தொலைபேசி அடித்தது. பிங்கோ நேரத்து அழைப்புகள் அப்படியே ஒலிபரப்பாகும். அவள் முகம் வெளுத்தது.

"ஷிமுன் பேசுறேன்" என்றது ஒரு கிழக்குரல். "மூணாவது அருவி தாண்டினதும் டீ குடிக்கிற பாறை ஒண்ணு உண்டே, அது எங்க போச்சும்மா? அங்க குந்தாம உங்கப்பன் ஒருநாளும் போனதில்ல. சோம்பேறி!"

பிலோமேன் சிரித்துவிட்டாள். "விட்டுட்டேன் மாமா. சேர்த்துடுறேன்."

"இடக்கரைல சேர்த்துடு."

அடுத்து மானியத்தேன் என்ற கிழவி அழைத்தாள். "அந்தாளுக்கு இடது வலது என்னைக்குத் தெரிஞ்சது? பாறை வலக்கரை! எங்கம்மா என்னைப் பெத்ததே அது பக்கத்துலதான்!"

பிறகு தொலைபேசி ஓயவேயில்லை. மணி ஏழேகால் ஆயிற்று. ஒருவர்கூட எண்களைக் கேட்கவில்லை. பிலோமேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாறையைச் சேர்த்து, எந்தக் கரை என்று மட்டும் சொல்லாமல், முதலிலிருந்து மறுபடி வாசித்தாள்.

படம் பல ஊர்களில் ஓடியது. ஓதில் இப்போது மாண்ட்ரீலில் குழந்தை வளர்க்கிறாள். ஷிமுன் அடுத்த வசந்தத்தில், காட்டு வாத்துகள் திரும்பி வந்த வாரத்தில் இறந்தார். மானியத்தேன் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நன்றாக நடக்கிறாள். பிலோமேன் வியாழன்தோறும் ஆறு மணிக்கு வானொலியில் வாசிக்கிறாள். பிங்கோ ஆறரைக்கு.