வடக்குக் கயிறும் தெற்குக் கயிறும்

கிழக்கு வெளுக்கும்போதே இரஞ்சிதத்தின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இடுப்புப் பட்டியைக் கரைவலைக் கயிற்றில் கொளுவி, முல்லைத்தீவு மணலில் காலைப் புதைத்து, பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து இழுத்தாள். ஈரக் கயிற்றின் உப்பு உள்ளங்கை வெடிப்புகளுக்குள் இறங்கி எரித்தது.

கரைவலைக்கு இரண்டு கயிறு. வள்ளம் வலையைக் கடலில் வளைத்துவிட்டு வந்ததும், ஒரு கயிற்றை வடக்கே ஒரு கூட்டமும் மற்றதைத் தெற்கே ஒரு கூட்டமும் பிடித்து, இழுத்தபடியே ஒன்றையொன்று நெருங்கவேண்டும். நடுவில் நின்று ஒருவர் அம்பா பாடுவார். அந்தத் தாளத்துக்குத்தான் இரண்டு பக்கமும் கால் பின்வைக்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும். கோணின வலையில் மீன் நிற்காது. கரையில் ஒரு நாள் நின்றவனுக்கும் இது தெரியும்.

தெரிந்தும், கொஞ்ச நாளாக நடுவில் ஆளில்லை. "முதல் கரைக்கு வாற கயித்துக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் மேலதிகம்" என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நல்லதம்பி அறிவித்திருந்தார். தெற்குக் கயிறு, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வேர்விட்ட இரஞ்சிதத்தின் சனத்தினுடையது. வடக்குக் கயிறு, புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து போய்த் திரும்பிவந்த ஜெமீல் நானாவின் சனத்தினுடையது. அறிவித்த அன்றே தேத்தண்ணிக் கேத்தல் இரண்டாகியது. அம்பாவும் இரண்டாகியது.

"தேயிலைக் கொழுந்தெண்டு நினைச்சு இழுக்கினம்" என்று வடக்கில் சிரித்தார்கள்.

"புத்தளத்தில இருந்து இழுக்க மறந்து வந்திருக்கினம்" என்று தெற்கில் சிரித்தார்கள். இரஞ்சிதமும் சேர்ந்துதான் சிரித்தாள். மழைக்குப் பிள்ளைகள் இரண்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற வீட்டில், ஆயிரம் ரூபாய் ஒரு கூரைத்தகடாகவே அவளுக்குத் தெரிந்தது.

அன்று வலைக்குள் பாரைமீன் கூட்டம். மேலே பறவைகள் குவிந்து கத்தின. தெற்கு வெறியோடு முந்தியது. வலை ஒரேயடியாகக் கோணி, மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளி வெளியே போயின. அந்த இழுவையில் வடக்குக் கயிறு வெட்டி இழுக்க, முன்னால் நின்ற ஸாலிஹா முகங்குப்புற விழுந்தாள். அவளுடைய உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. இரஞ்சிதத்தின் மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி கேட்காத ஸாலிஹா.

இரஞ்சிதம் கண்டாள். கயிற்றை விடவில்லை.

வலையின் நடுப்பையான மடியில் சில கூடை மீன்தான் வந்தது. மேலதிகத்தைச் சேர்த்தாலும் அவளுக்குப் பழைய பங்களவு வரவில்லை.

"இந்தப் போட்டியை விடுங்கோ சம்மாட்டி. எல்லாருக்கும் நட்டம்" என்றார் ஜெமீல்.

நல்லதம்பி கதிரையை விட்டு எழும்பவில்லை. "நாளையோட விடுறன். உழவு மெசின் வருது. இனி ஒரு கயித்தை அது இழுக்கும். நாளைக்கு ஆர் பிந்துறியளோ, அவைக்கு வேலையில்லை."

பின்னேரம் இரஞ்சிதம் ஸாலிஹாவின் வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"வெண்டவைக்கு இங்க என்ன வேலை?"

"கை எப்பிடி?"

"தோல்தானே, வளரும். நான் விழுந்ததைக் கண்டனி என்ன?"

"கண்டனான்."

"விடேல்லை."

"விடேல்லை. என்னை ஏசு, கேக்கிறன். ஆனா ஒண்டு சொல்லு. நாளைக்கு நீ வெண்டாலும் மற்றக் கயித்தில மெசின் நிக்கும். அதோட எத்தினை நாள் இழுப்பாய்?"

ஸாலிஹா ஒற்றைக் கையால் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். "குடி. குடிச்சிட்டு நானாட்டப் போவம்."

இரண்டு கயிறும் சேர்ந்து நிற்போம் என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஏச்சு விழுந்தது. "அவையளை நம்பிக் கிடக்க, நாளைக்கு அவையள் முந்திட்டா?" என்று வடக்கும் கேட்டது, தெற்கும் கேட்டது.

ஜெமீல்தான் வழி சொன்னார். "அவை இவையெண்டு பிரிக்கேலாமல் நிண்டா, சம்மாட்டி ஆரை வேலையால நிப்பாட்டுவார்?"

மறுநாள் வலை விட்டு வள்ளம் திரும்பியபோது, நல்லதம்பி கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ஜெமீலும் அவருடைய ஆட்களில் பாதிப்பேரும் தெற்கில் நின்றார்கள். வடக்கில், கையில் கட்டோடு நின்ற ஸாலிஹாவுக்கு முன்னால் இரஞ்சிதம்.

"இதென்ன கூத்து? ஆர் எந்தக் கயிறு?"

"ரெண்டும் எங்கட கயிறுதான் சம்மாட்டி."

நடுவில் அம்பா எழும்பியது. வலை நேராக வந்தது, மலையாகக் கனத்தது. மடி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் இரஞ்சிதம் கையை உயர்த்தினாள். பாட்டு நின்றது. இழுவையும் நின்றது. மடிக்குள் மீன் கொதித்தது. ஐஸ் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"இழுங்கோ! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்? வலை என்ர!"

"ஓம், வலை உங்கட. மெசினைத் திருப்பி அனுப்புங்கோ, இழுக்கிறம். போட்டிக் காசு வேண்டாம், பங்கை ஒழுங்காத் தாங்கோ" என்றாள் இரஞ்சிதம்.

நல்லதம்பி செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி அவள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "இரஞ்சிதம், உன்ர சனத்துக்கு மட்டும் நிரந்தர வேலை தாறன். அவையளை விடு."

இரஞ்சிதம் கயிற்றைப் பிடித்தபடியே தெற்கைப் பார்த்துக் கத்தினாள். "நானா! மலையகத்துச் சனத்துக்கு மட்டும் நிரந்தர வேலையாம்! உங்களை விடட்டாம்!"

"அப்பிடியோ தங்கச்சி? நேற்றுப் பின்னேரம் எங்களுக்கு மட்டுமெண்டெல்லோ எனக்குச் சொன்னவர்!"

சிரிப்பு தெற்கில் வெடித்து வடக்கு முனைவரை ஓடியது. மெசின் ஓட்டவந்தவன்கூட எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். நல்லதம்பியின் முகம் கறுத்தது. போனை எடுத்து யாரையோ அழைக்கத் தொடங்கினார். வரப்போவது பொலிசோ, வேறு ஆட்களோ, அவர்களுக்குத் தெரியாது.

ஸாலிஹாவின் கைக்கட்டில் சிவப்பு ஊறியது. இரஞ்சிதம் ஒரு அடி பின்னுக்கு வந்து, அவளுடைய பாரத்தையும் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

பெரிய அலையொன்று மடியைக் கடலுக்குள் இழுத்தது. இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் விறைத்தன. ஒருத்தரும் அசையவில்லை.