நகரும் அலமாரி

நூலகத்தில் வேலை பார்ப்பது தங்கை. நூலகச் செய்தி படிப்பது அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அக்கா, இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் போனை எடுத்து, என்ன புத்தகம் வருகிறது, எந்த நூலகத்தில் என்ன இயந்திரம் மாட்டினார்கள் என்று வலைப்பூ வலைப்பூவாக மேய்ந்துவிடுவாள். புதிதாக வந்த நகரும் அலமாரிகளைப் பார்க்க அன்று மதியம் நூலகத்தின் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டாள்.

"எனக்கே இல்லாத ஆசை உனக்கு எதுக்குக்கா?"

"வாயாடாம சுத்திக் காட்டுடி."

பத்து அலமாரிகள் தண்டவாளத்தில் ஒட்டி நிற்கும். ஒரே ஓர் ஆள் நுழைகிற வழிதான் திறந்திருக்கும். அடுத்த வழி வேண்டுமென்றால் அலமாரியின் ஓரத்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். உள்ளே சின்னப் பல்சக்கரம் பெரியதைத் தள்ளும். ஒரு சுற்றுக்கு நாலு விரற்கடைதான் நகரும். பதிலுக்கு ஒரு டன் எடை ஒற்றைக் கைக்கு அசைந்து கொடுக்கும். உள்ளே ஆள் மாட்டினால் அடியிலுள்ள பட்டை உணர்ந்து தானே நிறுத்திவிடும் என்றும் அக்கா படித்திருந்தாள்.

அப்போதுதான் தங்கையின் புருஷன் படியிறங்கி வந்தான். பத்து நாளுக்கு முன் அவனை விட்டு வந்து அக்கா வீட்டில் இருந்தாள் தங்கை. அவன் கையில் கத்தி இருந்தது. கத்தியின் முதல் வீச்சே அவள் தோளைக் கிழித்தது.

திறந்திருந்த வழிக்குள் ஓடினாள். அவன் துரத்தினான். மறுமுனையில் வெளியேறியவள் அங்கே நின்ற புத்தக வண்டியை வழிக்குக் குறுக்கே இழுத்துக் கவிழ்த்தாள். அவன் தடுக்கிக் குப்புற விழுந்தான். அவன் எழுவதற்குள் அக்கா சக்கரத்தைச் சுற்றத் தொடங்கியிருந்தாள்.

அவன் திரும்பி அக்காவை நோக்கிப் பாய்ந்தான். தோள்கள் இரண்டு பக்கமும் இடித்தன, ஒருக்களித்து நகர்ந்தான். அக்கா நின்ற முனைக்கு ஒரு முழம் இருக்கையில் மார்பையும் முதுகையும் அலமாரிகள் பிடித்துக்கொண்டன. நீட்டிய கத்தி அக்காவின் முழங்கையைக் கீறியது.

"கத்தியக் கீழ போடு."

கத்தி அவன் கையிலேயே இருந்தது. பட்டை நிறுத்தாத வரைக்கும் ஆபத்தில்லை என்று இன்னும் அரைச் சுற்று சுற்றினாள்.

"போடுன்னா போடு."

மறுபடி அரைச் சுற்று. உள்ளே ஏதோ முறிந்தது. எக்ஸ்ரேயில் தினமும் நிழலாகப் பார்ப்பதை அன்றுதான் சத்தமாகக் கேட்டாள். அடுத்தடுத்து இன்னும் மூன்று முறை கேட்டது. அவன் வாயில் ரத்தம் நுரைத்தது, கத்தி விழுந்தது.

"தானா நிக்கும்னு போட்டிருந்தாங்களே," என்றாள் அக்கா, அலமாரிகளைச் சுற்றிக்கொண்டு வந்த தங்கையிடம்.

"அது கரண்ட்ல ஓடுறதுக்குக்கா. இது வெறும் கைச்சக்கரம்."

கத்தியைப் போடச் சொன்னபோதே அவனுக்கு மூச்சு இருந்திருக்கவில்லை. அக்கா சக்கரத்தைப் பின்னால் திருப்பப் போனாள். ரத்தம் வழிந்த கை ஒன்று குறுக்கே வந்து பிடித்தது.

"விட்டா எழுந்து வருவான். இன்னும் ஒரு சுத்துக்கா."

"எழுந்துக்க முடியாதுடி. நாலு விலா போச்சு, எண்ணிட்டேன்."

தங்கை விடவில்லை. அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். அவன் மூட்டை மாதிரி சரிந்தான். உள்ளே போய் மண்டியிட்டு, அவன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இழைந்தது.

"இருக்கான்."

தங்கையின் கை மறுபடி சக்கரத்தின் மேல் இருந்தது.

"அப்ப நீ வெளிய வாக்கா."

அக்கா வரவில்லை. இரண்டு அலமாரிக்கும் நடுவில், அவன் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.